கணினி கடவுச்சொல் கேட்கும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜெகதளாவின் ஹட்டிகளிலும் அருவங்காடு, குன்னூர் கடைத்தெருக்களிலும் மேசைக்கணினி அன்றாடப் பொருளாகிவிட்டது. பச்சைத் தேயிலை எடைக் கணக்கு, இ-சேவை மையத்தின் சான்றிதழ் விண்ணப்பம், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேடு, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தக் கணினி திடீரென்று திரையை மங்கலாக்கி, நடுவில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, அப்டேட் போடக் கடவுச்சொல் கேட்கிறது. அப்போது நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். என்ன ஏது என்று பார்க்காமல் அடித்துவிடுகிறோம். அல்லது பயந்துபோய் ரத்து செய்துவிட்டு மாதக்கணக்கில் அப்டேட்டே போடாமல் விட்டுவிடுகிறோம். இரண்டுமே ஆபத்து.

அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டாம். கூடலூரைத் தாண்டினால் வயநாடு. 2017 மே 15, திங்கட்கிழமை காலை அங்கே தரியோடு ஊராட்சி அலுவலகத்தைத் திறந்து கணினியைப் போட்டவர்களுக்குக் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால்தான் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்று திரையில் மிரட்டல் நின்றது. பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சியிலும் அதே கதை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மே 12 அன்று, உலகெங்கும் பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் அது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது. அதற்குள் அப்டேட் போட்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை.

எனவே அப்டேட் கட்டாயம் வேண்டும். அதே சமயம் அப்டேட் என்ற பெயரில் கேட்பவருக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கொடுக்கவும் கூடாது. கணினியின் கடவுச்சொல் சொத்துப் பத்திரத்தில் போடும் கையெழுத்தைப் போன்றது. படித்துப் பார்த்துப் போட வேண்டும், போட வேண்டிய இடத்தில் தயங்காமல் போட வேண்டும்.

ஏன் கேட்கிறது, ஏன் சில நாள் கேட்பதில்லை?

கணினியில் சாதாரணக் கணக்கு, அட்மின் கணக்கு என இரண்டு வகை உண்டு. கடிதம் அடிப்பது, படம் பார்ப்பது, இணையத்தில் உலவுவது எல்லாம் சாதாரணக் கணக்கில் முடியும். ஆனால் அப்டேட் என்பது கணினியின் அடிப்படைக் கோப்புகளையே மாற்றுகிற வேலை. அதற்கு அட்மின் உரிமை தேவை. அந்த உரிமையைத் தரலாமா என்று கேட்பதுதான் அந்தப் பெட்டி. யூனிக்ஸ் உலகில் இதற்கான 'சுடோ' நிரல் 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. விண்டோஸில் இந்தப் பெட்டி 2007இல் விஸ்டாவோடு வந்தது.

விண்டோஸில் 'செட்டிங்ஸ்' வழியாக வரும் விண்டோஸ் அப்டேட் பொதுவாகக் கடவுச்சொல் கேட்பதே இல்லை. அது பின்னணியில் அமைப்பின் சொந்த உரிமையில் ஓடுகிறது. நாமாக ஒரு நிரலையோ, பிரிண்டர் டிரைவரையோ நிறுவும்போதுதான் பெட்டி வரும். அட்மின் கணக்கில் இருந்தால் 'ஆம், இல்லை' என்று மட்டும் கேட்கும். சாதாரணக் கணக்கில் இருந்தால் அட்மினின் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்கும்.

உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் கேட்பதில்லை என்று குழம்புவார்கள். அதன் பல பதிப்புகளில், ஏற்கெனவே உள்ள நிரலைப் புதுப்பிக்க மட்டும் என்றால் அட்மின் பயனரிடம் கடவுச்சொல் கேட்காது. புதிதாக ஒரு பொதி, அதாவது நிரல் மூட்டை, சேர வேண்டும் என்றால் கேட்கும். லினக்ஸின் கருவான கெர்னல் ஒவ்வொரு முறையும் புதிய பொதியாக வருவதால், கெர்னல் அப்டேட் வரும் நாளில் பெட்டி எட்டிப் பார்க்கும். கோளாறு எதுவும் இல்லை.

எங்கே கேட்க வேண்டும், எங்கே கேட்கக் கூடாது என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. 2009 நவம்பரில் வந்த ஃபெடோரா 12 என்ற லினக்ஸ், கையொப்பமிட்ட பொதிகளை எந்தப் பயனரும் கடவுச்சொல் இல்லாமலே நிறுவலாம் என்று திறந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2012 பிப்ரவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் மீது சீறினார். பள்ளியில் இருந்த தன் மகள், அங்குள்ள பிரிண்டரை இணைக்க ரூட் (அட்மின்) கடவுச்சொல் கேட்கிறது என்று அவரை அழைத்ததுதான் காரணம். தேவையில்லாத இடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர்கள் படிக்காமல் அடிக்கப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் திருடனுக்கு வசதி.

செய்ய வேண்டியவை

1. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை நான் தொடங்கினேனா? கேட்கும் நிரலின் பெயர் என்ன? அதை வெளியிட்டவர் யார்? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மட்டும் கடவுச்சொல்லை அடியுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் ரத்து செய்யுங்கள். ரத்து செய்வதால் கணினி கெட்டுப்போகாது. உண்மையான அப்டேட் நாளைக்கும் காத்திருக்கும்.

2. பெட்டியில் உள்ளதை வரி வரியாகப் படியுங்கள். விண்டோஸ் பெட்டியில் முதலில் நிரலின் பெயர் இருக்கும். அதன் கீழே 'வெரிஃபைடு பப்ளிஷர்' என்று நிறுவனத்தின் பெயர் இருக்கும். கோப்பு எங்கிருந்து வந்தது என்ற வரியும் இருக்கும். தலைப்பட்டை நீலமாக இருந்தால் வெளியிட்டவரின் மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்டது என்று பொருள். மஞ்சளாக இருந்து, வெளியிட்டவர் 'அன்னோன்' என்று போட்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். நீலமாக இருந்தாலும் பெயரைப் பாருங்கள். பிரிண்டர் டிரைவர் போடும்போது பிரிண்டர் நிறுவனத்தின் பெயர்தான் வர வேண்டும். லினக்ஸில் 'டீடெயில்ஸ்' என்பதைத் திறந்தால் எந்தச் செயலுக்கு அனுமதி கேட்கிறது என்று தெரியும்.

3. அப்டேட்டை நீங்களாகப் போய்த் தொடங்குங்கள். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸுக்குள் விண்டோஸ் அப்டேட். உபுண்டு என்றால் 'சாஃப்ட்வேர் அப்டேட்டர்'. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது, அதிலும் பொதி மேலாளர் உண்டு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் அதனதன் 'அபவுட்' பக்கம். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தொடங்கிய வேலைக்கு வரும் பெட்டியை நம்பலாம். தொடங்காத வேலைக்கு வரும் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

4. எந்தக் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கணினியில் நுழையும் கடவுச்சொல்லும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லும் வேறு வேறாக இருக்கலாம், பின் எண் வேறு. லினக்ஸில் குரோமைத் திறக்கும்போது 'கீரிங்' திறக்கக் கேட்பதற்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகத்தைத் திறக்கக் கேட்பது. மின்னஞ்சல் கடவுச்சொல்லையோ வங்கிக் கடவுச்சொல்லையோ கணினி அப்டேட் எதுவும் கேட்காது.

5. தவறு என்று சொன்னால் விசைப்பலகையைப் பாருங்கள். கேப்ஸ் லாக், நம் லாக் விளக்குகளை முதலில் கவனியுங்கள். தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. விசைப்பலகை அமைப்பு தமிழ்99இல் நின்றிருந்தால், நீங்கள் ஹெச் விசையை அழுத்தும்போது 'க' விழும், ஜே விசைக்கு 'ப' விழும், கே விசைக்கு 'ம' விழும். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் அது கண்ணுக்குப் படாது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன்னால் பெட்டியின் ஓரத்திலோ மேல்பட்டையிலோ மொழிக் குறியைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றி அடியுங்கள். ஒரு சில கணினிகளில் தொடர்ந்து தவறாக அடித்தால் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் நிதானம் தேவை.

6. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் எழுத்து தெரியவில்லை என்று பதற வேண்டாம். பல லினக்ஸ்களில் 'சுடோ' கடவுச்சொல் கேட்கும்போது எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. விசைப்பலகை செத்துவிட்டதாக நினைத்துப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். முழுவதையும் அடித்து என்டர் தட்டுங்கள், போதும்.

7. மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றிலும், அக்டோபர், நவம்பர் மழையிலும் நம் மலையில் கம்பியின் மேல் மரம் விழுவது வாடிக்கை. மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி மேசைக்கணினிக்கு உள்ளே கிடையாது. பெரிய அப்டேட்டையும், குறிப்பாகக் கணினியை எழுப்பும் பயாஸ் நிரலின் அப்டேட்டையும், யுபிஎஸ் இல்லாமல், காற்று சுழன்றடிக்கும் மாலையில் தொடங்காதிருங்கள். பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் கணினி எழுந்திருக்காமலே போகலாம். வானம் தெளிந்திருக்கும் காலை நேரம் நல்லது.

8. 48 இலக்கச் சாவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு 'பிட்லாக்கர்' முறையில் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு பல கணினிகள் அப்படிக் கேட்டன. அதே மாதம் 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோதும், அவற்றை மீட்கப் போனவர்கள் பலர் இந்தச் சாவி கையில் இல்லாமல் திண்டாடினார்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போனால் சாவி இருக்கும். அதைத் தாளில் எழுதி, நிலப் பட்டா வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.

9. அப்டேட்டுக்கு முன்னால் கோப்புகளைப் பிரதி எடுங்கள். இலைக் கணக்கும் குடும்பப் படங்களும் கணினிக்கு வெளியே ஒரு வட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்த பிறகு அந்த வட்டைக் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பணயத் தீநிரல் அதையும் பூட்டிவிடும்.

10. கடவுச்சொல் கேட்கும் நிரலையும் புதுப்பியுங்கள். 2021 ஜனவரியில் 'சுடோ'விலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. சுமார் பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது. அதன் வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கடவுச்சொல்லே இல்லாமல் முழு உரிமை பெற முடிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், 2009 முதலே, லினக்ஸில் அட்மின் உரிமை தரும் 'பிகேஎக்ஸெக்' நிரலில் இருந்த அதே மாதிரியான ஓட்டை தெரியவந்தது. இரண்டுக்கும் உடனே அப்டேட் வந்தது. அப்டேட் போடாத கணினியில் உங்கள் கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பயனில்லை.

செய்யக்கூடாதவை

1. இணையப் பக்கத்துக்குள் தோன்றும் பெட்டியில் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். 'உங்கள் குரோம் பழையது, உடனே புதுப்பிக்கவும்' என்று ஒரு பக்கம் கத்தினால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். குரோம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், பக்கம் பக்கமாக வந்து கெஞ்சாது. ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் என்று வந்தால் அது நிச்சயம் பொய். அடோபி அதை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

2. தொலைபேசியில் கேட்பவரிடம் சொல்லாதீர்கள். 'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ்' என்று வரும் அழைப்பு மோசடி. அந்த நிறுவனம் யாரையும் தானாக அழைப்பதில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற நிரலைப் போடச் சொல்லி, பிறகு கடவுச்சொல் அடிக்கச் சொல்வார்கள். அடித்த கணத்தில் உங்கள் மேசைக்கணினி அவர்கள் மேசைக்குப் போய்விடும்.

3. தெரிந்த சர்வீஸ்காரரிடமும் கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். "அக்கா, பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்று நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார். "கேட்கிற இடத்துல நானே அடிச்சுத் தர்றேன் தம்பி" என்று சொல்லுங்கள். அவருக்கும் அதில் வருத்தம் இருக்காது. வேலை தெரிந்தவர் அதையே விரும்புவார். கணினியைக் கடையிலேயே விட்டுவிட்டு வர நேர்ந்தால், திரும்பி வந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

4. தினசரி வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். அட்மின் கணக்கில் இருந்தால் தவறான நிரலுக்கு ஒரே ஒரு 'ஆம்' போதும். சாதாரணக் கணக்கில் இருந்தால் கடவுச்சொல்லை யோசித்து அடிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைக்கு ஆகும் சில விநாடிகளே பாதுகாப்பு. பிள்ளைகளுக்குத் தனியாகச் சாதாரணக் கணக்கு வைத்துக் கொடுங்கள். விளையாட்டு ஒன்றை நிறுவ வேண்டும் என்றால் உங்களிடம் வந்து கேட்கட்டும், இருவருமாக உட்கார்ந்து பெட்டியைப் படியுங்கள்.

5. தொந்தரவாக இருக்கிறது என்று பெட்டியையே அணைத்துவிடாதீர்கள். விண்டோஸில் இந்த எச்சரிக்கையை 'நெவர் நோட்டிஃபை' என்று இறக்கிவிடலாம். லினக்ஸில் கடவுச்சொல்லே கேட்காதபடி 'சுடோ'வை மாற்றலாம். செய்துவிட்டால் தீநிரலுக்கும் அதே வசதி கிடைக்கும்.

6. கடவுச்சொல் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். உபுண்டு டெர்மினலில் ஒருமுறை கொடுத்தால் சுமார் 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. அந்த நேரத்தில் அதே டெர்மினலில் யார் உட்கார்ந்தாலும் அட்மின்தான். டீ குடிக்கப் போவதானால் டெர்மினலை மூடி, திரையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

7. பொருள் தெரியாத கட்டளையை ஒட்டாதீர்கள். ஏதோ ஒரு காணொளியில் சொன்னார்கள் என்று 'சுடோ' எனத் தொடங்கும் நீண்ட வரியை நகலெடுத்து ஒட்டி, கடவுச்சொல்லையும் அடிப்பது மிகக் கெட்ட பழக்கம். 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க' ஒரு வரியை நகலெடுத்து விண்டோஸ் 'ரன்' பெட்டியில் ஒட்டச் சொல்லும் பக்கங்களும் இதே வகை மோசடிதான். எந்த உண்மையான தளமும் அப்படிக் கேட்காது.

8. திருட்டு விண்டோஸுக்கு 'ஆக்டிவேட்டர்' போடாதீர்கள். அது முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும், பிறகு அட்மின் உரிமை கேட்கும், பல சமயம் அப்டேட்டையும் நிறுத்திவிடும். மூன்றையும் கொடுத்த பிறகு அந்தக் கணினியில் காக்க எதுவும் மிஞ்சாது. காசு கொடுத்து விண்டோஸ் வாங்க முடியாவிட்டால் உபுண்டு, பாஸ் போன்ற லினக்ஸ்கள் இலவசம், சட்டப்படியானவை, அப்டேட்டும் கிடைக்கும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல.

9. காலாவதியான அமைப்பை வைத்துக்கொண்டு பெட்டி வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. 2017இல் வான்னாக்ரையிடம் சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள்தாம். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அப்டேட் வராத அமைதியை நம்பாதீர்கள்.

10. கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டாதீர்கள். எழுதி வைப்பது தவறில்லை, எழுதிய தாள் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். விசைப்பலகையின் அடியில் ஒட்டுவதும் மானிட்டரில் ஒட்டுவதும் ஒன்றுதான், தேடுகிறவர் முதலில் பார்க்கும் இடமே அதுதான்.

பொதுக் கணினிக்குத் தனிக் கவனம்

வீட்டுக் கணினியில் தவறு நடந்தால் ஒரு குடும்பம் பாதிக்கப்படும். இ-சேவை மையம், கூட்டுறவுச் சங்கம், பள்ளி ஆய்வகம், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஆகியவற்றில் ஊரின் ஆதார் விவரமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. மலையூர்களில் இந்தக் கணினிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அட்மின் கடவுச்சொல் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் ஊரில் இல்லை. கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போயிருப்பார், இல்லையென்றால் வேலையை விட்டே போயிருப்பார். தினமும் பெட்டி வருகிறது, உட்கார்ந்திருக்கும் பெண் தினமும் ரத்து செய்கிறார். அப்டேட் குவிகிறது. குற்றம் அந்தப் பெண்ணுடையதல்ல, ஏற்பாடு செய்யாதவர்களுடையது. ஏற்பாடு கடினமானதும் அல்ல.

செய்ய வேண்டியது: அட்மின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இருவர் கையெழுத்துப் போட்டு, அலுவலகப் பீரோவில் வையுங்கள். உறையைத் திறந்தால் தேதியும் காரணமும் ஒரு நோட்டில் பதிவாகட்டும். திறந்த பிறகு கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை வையுங்கள்.

செய்ய வேண்டியது: மாதத்தில் ஒரு நாளை அப்டேட் நாள் என்று குறித்து, அன்று அட்மின் பொறுப்பாளர் நேரில் வரட்டும். கூட்டம் அதிகமுள்ள நாளையும் ஊர்த் திருவிழா நாளையும் தவிர்த்து நாள் குறியுங்கள்.

செய்ய வேண்டியது: ஆதார் கைரேகைக் கருவியின் டிரைவரையும் அதோடு இயங்கும் ஆர்டி சர்வீஸ் நிரலையும் கருவி நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் தளமாக இருக்காது.

செய்யக்கூடாதது: அத்தனை கணினிக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் வைக்காதீர்கள். ஒன்று போனால் எல்லாம் போகும்.

செய்யக்கூடாதது: பணியாளர் மாறிய பிறகும் பழைய கடவுச்சொல்லையே தொடராதீர்கள். போனவர் மேல் சந்தேகம் என்று பொருள் இல்லை. பொறுப்பு கைமாறும்போது கடவுச்சொல்லும் மாறுவதுதான் முறை, அது அவருக்கும் பாதுகாப்பு.

தவறான பெட்டியில் அடித்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், மறைக்கிற நேரத்தில்தான் நஷ்டம் பெருகும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அடுத்து, வேறொரு சுத்தமான கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதியதும் களவு போகும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. சந்தேகம் தீராவிட்டால் கோப்புகளை மட்டும் மீட்டு, கணினியில் அமைப்பை முழுவதும் புதிதாக நிறுவிவிடுவதே நல்லது. பணயத் தொகை கேட்டால் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்பு திரும்பும் என்ற உறுதி இல்லை.

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கும் நேரத்தில் இந்தப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். இந்த வாரமே உங்கள் கணினியில் நீங்களாகப் போய் அப்டேட்டைத் தொடங்குங்கள். பெட்டி வந்தால் நிரலின் பெயரையும் வெளியிட்டவரின் பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, சரியாக இருந்தால் கடவுச்சொல்லை அடியுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்திலோ பள்ளியிலோ உறுப்பினராக இருந்தால் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அட்மின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அவர் இல்லாத நாளில் யார் பொறுப்பு? பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.